கழுத்து வலிக்கு வழி கண்ணாடிக்கடையில் இருந்தது

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கழுத்து வலி வந்தால் முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. பிசியோவிடம் (இயன்முறை மருத்துவரிடம்) போனால் பயிற்சிக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிக்கடையில் "போகப்போகப் பழகிவிடும்" என்றார்கள். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பில்லைத் திருப்பி அனுப்பியது. இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே அலைந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தணியவில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் பிடரியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களாவது என்னைப் போல அலையாமல் இருக்கட்டும்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.50. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் கிட்டத்து எழுத்தும் தடுமாற, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான ப்ரோக்ரெஸிவ் லென்ஸுக்கு மாறினேன். வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில். நாள் முழுக்க கன்டெய்னர் ஆவணங்கள், கண்ணெதிரே இரண்டு மானிட்டர்கள். புதுக் கண்ணாடி வந்த சில வாரங்களில் மண்டையின் அடிப்பகுதியில், பிடரி தொடங்குகிற இடத்தில், ஒரு இறுக்கம் ஆரம்பித்தது. மாலைக்குள் அது தோள்பட்டைக்கு இறங்கும். கண் எரிச்சல் வேறு.

முதலில் போன பிசியோ நிலையத்தின் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நேராக இருக்கும்போது ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை, 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ சுமையாகிறது என்று போட்டிருந்தது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்ட எண் அது. அந்தப் படத்தைக் காட்டி, "போனைக் குனிந்து பார்ப்பதைக் குறையுங்கள்" என்றார்கள். நான் போனில் அதிக நேரம் இருப்பவள் இல்லை என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. சூட்டு ஒத்தடம், கொஞ்சம் மின் அதிர்வு, ஒரு நகல் காகிதம், அடுத்த வாரத்துக்கு நேரம். எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறேன், என்ன கண்ணாடி போடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தில் இருந்த பயிற்சிகளில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் விடாமல் செய்தேன். காலையில் சரியாகும் கழுத்து, அலுவலகத்தில் பத்து மணி ஆவதற்குள் பழையபடி இறுகிவிடும்.

அடுத்து ஒரு பயோகினெட்டிசிஸ்டிடம் போனேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமிருக்காது. உடற்பயிற்சியை வைத்தே உடலைச் சீர்படுத்தப் படித்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் இது தனித் தொழில், எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றிருப்பார்கள். பிசியோவைப் போலவே இவர்களையும் டாக்டர் கடிதம் இல்லாமல் நேராகப் பார்க்கலாம். எனக்குக் கிடைத்த பெண் இங்கே நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தவர். தமிழில் எண்களும் உறவுப் பெயர்களும்தான் தெரியும், ஆனாலும் முதல் நிமிடத்திலிருந்தே "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். என்னைப் படுக்கவைக்கும் முன் ஒன்று கேட்டார்: "அக்கா, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்துவிடுவீர்கள்."

பக்கத்து மேசைக்காரர் எடுத்துக் கொடுத்த அந்தப் போட்டோதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதில் நான் குனிந்திருக்கவே இல்லை. முகவாய் மேலே தூக்கியிருக்கிறது, தலை முன்னால் நீண்டிருக்கிறது. ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் தூரப் பார்வை மேல்பாகத்தில், படிக்கிற பார்வை கீழே, மானிட்டர் தூரத்துக்கான பகுதி நடுவில் ஒரு குறுகிய பாதையாக இருக்கும். அந்தப் பாதை வழியாக ஸ்க்ரீனைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கத்தான் வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி இருந்தால், மண்டைக்கு அடியில் இருக்கும் சின்னத் தசைகள் எட்டு மணி நேரமும் சுருங்கியே கிடக்கும். "கழுத்து உங்கள் கண்ணுக்காக வேலை செய்கிறது. முதலில் கண்ணாடியைப் பாருங்கள், பயிற்சி அதற்குப் பிறகுதான் பிடிக்கும்" என்றார். கழுத்து வலி என்று வந்தவளை இப்படிக் கண்ணாடிக்கடைக்கு அனுப்பிய அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கடைதான் இந்த அலைச்சலிலேயே மோசமான கட்டம். கவுன்ட்டரில் இருந்த பெண், "ப்ரோக்ரெஸிவ் பழக நாளாகும், இன்னும் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லியே ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். கடைசியில்தான் இன்னொரு ஊழியர் உண்மையைச் சொன்னார்: பழகாத லென்ஸை மாற்றித் தருவதற்கு ஒரு கெடு உண்டு, எனக்கு அது முடிந்துவிட்டது. அந்தக் கெடுவுக்குள்தான் "இன்னும் இரண்டு வாரம்" என்று என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ப்ரோக்ரெஸிவ் வாங்குகிறவர்கள் பணம் கட்டும்போதே, பழகவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு கண் பரிசோதகரிடம் போகலாம் என்று என் பவர் விவரத்தைக் கேட்டேன். பவர் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும், லென்ஸ் ஃபிரேமில் எந்த உயரத்தில் பொருத்தப்பட்டது என்பதையும் தர மாட்டார்களாம், "அது கடையின் அளவு" என்றார்கள். என் முகத்தில் எடுத்த அளவு எப்படிக் கடையின் அளவாகும்? வீட்டுக்கு வந்து மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013இல் வந்த பொப்பியா, நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை தருகிறது என்று மட்டும் மரியாதையாக எழுதினேன். மறுநாளே முழு விவரமும் வந்தது. கவுன்ட்டரில் நின்று வாதாடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

புதிய கண் பரிசோதகரிடம் போகும் முன் வீட்டிலிருந்து டேப்பை எடுத்துப்போய் மூக்கிலிருந்து மானிட்டர் வரை அளந்தேன்: 65 சென்டிமீட்டர். இதை எல்லோரும் செய்யுங்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஒரு பொதுத் தூரத்தை வைத்துக்கொள்வார்கள். கணக்கு எளிதுதான். கண்ணாடி இல்லாமல் நமக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை, 100ஐப் பவரால் வகுத்தால் கிடைக்கும் சென்டிமீட்டர். என் 4.50க்கு அது 22 சென்டிமீட்டர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் கிட்டப்பார்வைக்காரர்கள் ஏன் காகிதத்தின் மேல் கவிழ்ந்துவிடுகிறார்கள் என்பது இதிலேயே தெரியும். பவர் குறைந்துபோன பழைய கண்ணாடி போட்டால் ஸ்க்ரீனை நோக்கித் தலை நீள்வதும் இதே காரணத்தால்தான்.

அவர் சோதனை ஃபிரேமில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, 65 சென்டிமீட்டரில் ஒரு அட்டையைப் பிடித்து, என்னை நேராக உட்காரவைத்தே பார்த்தார். மானிட்டருக்கென்றே ஒற்றைப் பார்வைக் கண்ணாடி, மைனஸ் 3.50. அதில் ஒரு மீட்டர் வரைதான் தெளிவு. அதைப் போட்டுக்கொண்டு காரோட்டக் கூடாது. எம்7 சாலையின் பெயர்ப்பலகைகூட மங்கலாகத்தான் தெரியும். பழைய ப்ரோக்ரெஸிவ் தெருவுக்கும் கடைக்கும் போதும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறக்கினேன். ப்ரோக்ரெஸிவோடுதான் வேலை செய்வேன் என்பவர்கள் இன்னும் கீழே இறக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பயிற்சிகள் வேலை செய்தன. முதல் காகிதத்தில் இருந்ததில் பாதிதான்.

முக்கியமானது முகவாயை உள்ளே இழுப்பது. மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு மட்டும் வைத்து, முகவாயைக் கீழே குனியாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து, இரட்டைத் தாடை விழும்படி ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும். பத்து முறை. பல்லைக் கடிக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. உட்கார்ந்து செய்யும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். லென்ஸின் சரியான இடத்தைத் தேடி முகவாய் தானாக மேலே போய்விடுகிறது. அடுத்தது, கதவு நிலையில் இரண்டு முன்கைகளையும் வைத்து மார்பை முன்னால் சாய்த்து அரை நிமிடம் நிற்பது. பிறகு சுவரில் முதுகும் கைகளும் ஒட்ட நின்று கைகளை மேலே ஏற்றி இறக்குவது. முதல் வாரம் என் முழங்கை சுவரில் ஒட்டவே இல்லை. கடைசியாக, தலையைப் பாதி திருப்பி அக்குளைப் பார்ப்பது போல் குனிந்து, கையால் மெல்ல அழுத்தி இருபது விநாடி. வெடுக்கென்று ஒன்றும் செய்யக் கூடாது. சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்க விடாதீர்கள். திடீர்த் திருப்பலில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. கை மரத்துப்போனால், விரலில் பிடிப்பு தளர்ந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று என் மாமியார் கேட்கச் சொன்னார்கள். கையில் மரமரப்பு இல்லாவிட்டால் எடுக்கலாம், ஆனால் முன்னதாகவே கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகிக்கொள்ளச் சொன்னார் அந்தப் பயோகினெட்டிசிஸ்ட் பெண்.

கண் எரிச்சலுக்கு மருந்து வாங்கும் முன் கண் சிமிட்டுவதைக் கவனியுங்கள். ஸ்க்ரீனைப் பார்க்கும்போது நாம் குறைவாகச் சிமிட்டுகிறோம், அதுவும் அரைகுறையாக. இமைகள் தொடும்படி மெல்ல மூடி, இரண்டு விநாடி நிறுத்தி, திறக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆறு மீட்டருக்கு அப்பால் இருபது விநாடி பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஜன்னல் வழியாகத் துறைமுகக் கிரேன்களும் அவற்றுக்குப் பின்னால் பிளஃப் மேடும் இருக்கின்றன. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததைத் திருப்பிவிட்டதில் பாதி எரிச்சல் போயிற்று.

கண்ணை உருட்டினால் பவர் குறையும் என்று வீடியோ அனுப்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி நீளமாகிவிட்டிருக்கிறது; ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய இரண்டரைப் பவர் ஏறும். நீண்ட விழியை எந்த உருட்டலும் குட்டையாக்காது. பயிற்சி களைப்பைத்தான் குறைக்கும். அந்த வீடியோக்களை நம்பிப் பிள்ளைகளின் கண்ணாடியைக் கழற்றிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பவர் கூடுதலாக உள்ளவர்கள் சிரசாசனத்துக்கு முன் கண் டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் கூடினால், மின்னல் அடித்தால், ஓரத்தில் திரை விழுந்தால் அது விழித்திரை கழலுவதாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

இனி பணம். இரண்டாவது கண்ணாடிக்கு மெடிக்கல் எய்டில் ஒன்றும் வராது என்றார்கள். என் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு கண்ணாடிதான். அந்தப் பணம் என் கையிலிருந்தே போனது. ஆனால் பிசியோ பில்லை ஏன் மறுத்தார்கள் என்று கேட்டால் "நோய்க்குறியீடு இல்லை" என்றார்கள். பிசியோ நிலையத்தில் "மெடிக்கல் எய்டைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே கேட்டால் "பிசியோவைக் கேளுங்கள்". இப்படியே என்னைப் பந்தாடினார்கள். பில்லில் என்ன நோய் என்று காட்டும் ஐசிடி-10 குறியீடு இருக்க வேண்டும். கழுத்து வலிக்கு எம் 54.2. அந்த ஒரு வரி விடுபட்டதுதான் முழுச் சிக்கலும். பிசியோ நிலைய வரவேற்பில் இருந்தவரிடம் குறியீட்டைத் தாளில் எழுதிக் காட்டி, பிசியோவே உறுதிசெய்து போடட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். திருத்திய பில் அன்றே வந்தது.

இங்கே சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்து வரும் நான்காவது மாதக் கடைசி வரை கிளெய்ம் போடலாம். பில்லில் பிழை என்று திருப்பினால், காரணத்தை 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். திருத்தி அனுப்ப நமக்கு 60 நாள் உண்டு. காலம் கடந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்ன மெடிக்கல் எய்ட் ஊழியரிடம் இந்த விதியைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். மறுப்புக் கடிதம் வரவில்லை. பிசியோ பணம் கணக்கில் ஏறியது.