வாளி, பூட்டு, பன்னிரண்டு ஹேங்கர்

ஜனவரி 23, வெள்ளி

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அஸ்ராமா பெனு, அதாவது முழுநேர விடுதிப்பள்ளி. இரண்டாவது எடுப்பு, பேராக் மாநிலத்தில் ஒரு பள்ளி. முதல் பட்டியலில் பெயர் வராதபோது என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதி. இங்கே பினாங்கு பிறையில், பக்கத்து இடைநிலைப்பள்ளியிலேயே முதல் வகுப்பான படிவம் 1 சேர்த்தோம். இன்றோடு இரண்டு வாரம். பாஜு குரோங் சீருடை மூன்று செட் தைத்தாயிற்று, வேனுக்கு முன்பணம் கட்டியாயிற்று. இப்போது போய் இது.

திங்கள் 2ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் துறைமுகத்தில் கண்டெய்னருக்காகக் காத்திருந்த நேரத்தில் போன் பண்ணிச் சொன்னேன். "சரி சரி" என்று வைத்துவிட்டார். ராத்திரி டிரெய்லர் சாவியோடு ஒரு டப்பா லட்டும் வந்தது.

ஜனவரி 24, சனி

மாமியார்: "பொட்டப் புள்ளைய எவன் பாத்துக்குவான்?" நாத்தனார்: "அங்க போனா மெட்ரிகுலேஷன் ஈஸி அண்ணி." எங்கள் சனம் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவதாக, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் இந்த மெட்ரிகுலேஷன் படிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் விடவில்லை. படிவம் 5 பரீட்சையான எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று பிரதமர் 2024இலேயே அறிவித்துவிட்டாரே, அதற்கு எதற்கு அஸ்ராமா, வீட்டிலிருந்தே எடுக்கட்டுமே என்றேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பத்து ஏ எடுக்க இந்த வீட்ல யார் சொல்லித் தருவா? நீயா, நானா?" என்றார். அவர் படிவம் 3 முடித்ததும் லாரிப் பட்டறைக்குப் போனவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அவளிடம் கேட்டதற்கு, "நான் போனா தம்பி என் ரூமை எடுத்துக்குவானா?" என்றாள். தம்பி அதற்குள் அளந்து பார்த்துவிட்டான்.

ஜனவரி 25, ஞாயிறு, தூக்கம் வரவில்லை

இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை. நானும் அஸ்ராமாவில் இருந்தவள்தான். இந்த மாதிரி பரீட்சை எழுதிப் போகிற பள்ளி இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பஸ் கிடையாது என்பதால் தோட்டத்துப் பிள்ளைகளைச் சாதாரண இடைநிலைப்பள்ளியின் விடுதியில் விடுவார்கள். 1994, எனக்குப் பதின்மூன்று வயது.

விடிகாலை ஐந்து மணிக்குக் குழாயடி. ஒரு சீனியர் அக்காவின் சாக்ஸை நான் துவைக்க வேண்டும். அவளுடையது மட்டும் என்று தொடங்கி, அவள் சிநேகிதிகள் மூன்று பேருடையதும் என் வாளிக்கு வந்தது. விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்து, சுருங்கி, வகுப்பில் பேனா பிடித்தால் வழுக்கும். மழைக்காலத்தில் காயாது. காயாவிட்டால் அதற்கும் என்னைத்தான் பிடிப்பார்கள். வார்டனுக்குத் தெரியுமா என்றால், தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹோண்டா கப்பில் வருவார். மடியில் கட்டிய துணிப்பையில் முறுக்கு இருக்கும். வாசலில் நின்றபடி, "எப்படிம்மா இருக்கு?" என்பார். "நல்லாத்தான் இருக்குப்பா." அவர் தலையாட்டிவிட்டு வண்டியை உதைப்பார். இரண்டரை வருடம் இதே பதில்.

ஜனவரி 27, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்குப் போன் போட்டேன். ஆபீஸில் எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார். மாட்டிறைச்சி போடும் நாளில் இந்துப் பிள்ளைகளுக்குத் தனியாக முட்டையோ மீனோ உண்டு. கைப்பேசி கிடையாது. மஃரிப் தொழுகை நேரத்தில் மற்றவர்கள் சூராவுக்குப் போகும்போது நம் பிள்ளைகள் பிரெப் அறையில் படிக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றதற்கு எண்ணிப் பார்த்துச் சொன்னார்: எல்லாப் படிவமும் சேர்த்து ஏழு.

அப்போ தமிழ் வகுப்பு இல்லை. 1996 கல்விச் சட்டப்படி பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு. ஏழு பேரைப் பதினைந்தாக்க நான் எங்கே போவேன்? ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவள். இந்த ஒரு காரணம் போதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

சாயங்காலம் அவளுடைய ஆறாம் ஆண்டு ஆசிரியைக்குப் போன் பண்ணினேன். என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர், "எஸ்.பி.எம்.மில் தமிழைத் தனியாகப் படித்து எழுதலாம் அம்மா. வாரம் ஒரு கட்டுரை எழுதித் தபாலில் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டார். நான் சாய்ந்துகொள்ளப் பார்த்த சுவரும் இல்லை என்றாகிவிட்டது.

ஜனவரி 29, வியாழன்

இன்று அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டுப் படகில் பினாங்குத் தீவுக்குப் போனோம். 2023இல் வந்த இந்தப் புதுப் படகுகளில் கார் ஏறாது. காரை ஏற்றி, அதன் மேல் சாய்ந்துகொண்டு கடல் பார்த்த காலம் போயிற்று. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரை தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு காதைப் பிளந்தது. நேற்று ரதங்கள் போன பாதையில் தேங்காய் உடைத்த ஈரமும் புளிப்பு வாடையும் இன்னும் போகவில்லை. அவள் பால்குடம் எடுத்தாள். 500க்கும் மேல் படிகள், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஏறினாள். நான்தான் பாதியில் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது இவரும் தம்பியும் முன்பக்கம் போய் நின்றார்கள். நாங்கள் இருவரும் தனியாக. சாக்ஸ் கதையை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பயமுறுத்தத்தானோ என்னவோ.

"தாத்தாகிட்ட ஏம்மா சொல்லல?"

கடலைப் பார்த்தேன். அப்பாவின் சம்பளம், வண்டிக்கு ஊற்றிய எண்ணெய், அந்த முறுக்குப் பை, எதை முதலில் சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நான் போறேம்மா. புடிக்கலன்னா சொல்வேன். அப்போ 'பொறுத்துக்கோ'ன்னு மட்டும் சொல்லக்கூடாது" என்றாள். சரி என்றேன். "அப்பாவும்" என்றாள். அவரையும் கூப்பிட்டுச் சரி சொல்ல வைத்தாள். எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே அவர் சொன்னார்.

பிப்ரவரி 4, புதன்

பட்டியலோடு கடை கடையாக அலைந்தோம். வாளி 9 வெள்ளி, பூட்டு இரண்டு, ஹேங்கர் பன்னிரண்டு, கிளிப், ஜப்பான் சிலிப்பர், தலையணை உறை. எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டுமாம், உள்ளாடை உட்பட. நாடாவில் பெயர் எழுதி நான் தைத்தேன், அவள் மார்க்கரை எடுத்து வாளியில் எழுதினாள். வெளியே மலாயில் பெரிதாகப் பெயரும் படிவமும். பிறகு வாளியைக் கவிழ்த்து, அடியில் தமிழில் சின்னதாக ஒரு முறை.

குளியலறையில் துவைக்கச் சொல்லிக் கொடுத்தேன். காலர் அழுக்கைக் கையால் கசக்கக் கூடாது, சோப்பைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் தானே விடும். சாக்ஸை உள்புறம் திருப்பு. "உன்னோடத மட்டும்" என்றேன். "தெரியும்மா" என்றாள்.

பிப்ரவரி 7, சனி

விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினோம். ஜூரு டோல் தாண்டியதும் அவள் தூங்கிவிட்டாள். கோலகங்சார் பலகை வந்தபோது இவர், "1905ல ராஜா வீட்டுப் பிள்ளைங்களுக்கு இங்கதான் முதல் அஸ்ராமா பள்ளி கட்டினான் வெள்ளைக்காரன்" என்று ஆரம்பித்தார். இந்த ஒரு மாதத்தில் இவர் படித்த அளவுக்கு அவள்கூடப் படிக்கவில்லை. இப்போ டிரெய்லர்காரன் மகளும் போகிறாள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. சொல்லவில்லை. மெனோரா சுரங்கப்பாதையில் ஹாரன் அடித்து அவளை எழுப்பினார்.

மண்டபத்தில் பதிவு, பணம், கையெழுத்து. விடுதி அறையில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே எனக்கும் ஒரு டிஷ்யூ நீட்டினார். இது அவருக்கு மூன்றாவது பிள்ளையாம், மூன்று முறையும் இதே அழுகையாம். அவர் மகளும் என் மகளும் அதற்குள் எந்தக் கொக்கி யாருடையது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் குழாயடியை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆறு குழாய். தரை காய்ந்திருந்தது.

பிப்ரவரி 11, புதன்

நான்கு நாளாகப் போன் இல்லை. தம்பி அவள் அறைக்கு மாறவில்லை. கதவை மூடியே வைக்கிறான்.

பிப்ரவரி 12, வியாழன்

ராத்திரி ஏழே காலுக்குத் தெரியாத எண். பொதுத்தொலைபேசி, பின்னால் ஒரே இரைச்சல்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன்.

"மீன் நாறுதும்மா. காலைல குளிக்க கியூல நிக்கணும், தண்ணி ஐஸ் மாதிரி. எதிர்க் கட்டில் பிள்ள குறட்டை விடுது. பிரெப்ல தூக்கம் வருது. ஹேங்கர் ரெண்டு காணோம், யார் எடுத்தான்னு எனக்குத் தெரியும், நாளைக்குக் கேக்கப்போறேன். கணக்கு டீச்சர் ரொம்ப வேகம். கட்டுரை எழுதிட்டேன், ஸ்டாம்பு இல்ல. அப்புறம்மா, ஊறுகாய், எலுமிச்சங்கா, பெரிய போத்தல், ஏன்னா இங்க எல்லாரும்..."

சில்லறை தீர்ந்துவிட்டது.

இவர் கூடத்திலிருந்து, "என்னவாம்?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹேங்கரை மறந்துவிட்டு, திரும்ப வந்து அதையும் சொன்னேன்.