ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்

மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் அவர் வாங்கி வந்த செனிட்-இ கேமரா, காசிமேட்டு வீட்டுப் பரணில் தோல் உறையோடு பல ஆண்டுகள் கிடந்தது. அலமாரிப் பூட்டே ஆண்டுக்கு ஒன்று துருப்பிடிக்கும் வீடு அது. லென்ஸ் மட்டும் தப்பிக்குமா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே சிலந்திவலைபோல வெள்ளை நூல்கள். பூஞ்சை.

லென்ஸ் ஹீலியோஸ் 44-2. குவிய நீளம் 58 மில்லிமீட்டர், ஜெர்மனியின் பயோடார் லென்ஸின் வழிவந்த ரஷ்ய வடிவம். நான்கு குழுக்களாக 6 கண்ணாடிகள். பிரிப்பதற்கென்று இருக்கும் ஸ்பேனரை வாங்கச் சோம்பல்பட்டு, மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த டிவைடரால் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகினேன். முனை வழுக்கி வளையத்தில் ஒரு கோடு விழுந்தது. அதன் பிறகு ஸ்பேனர் வாங்கினேன். ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து துடைத்ததில் பூஞ்சை போய்விட்டது. ஓரத்துப் பூச்சில் அது அரித்த தடம் மட்டும் போகவில்லை.

துடைப்பது எளிது. திரும்ப உட்கார வைப்பதுதான் வேலை. கச்சிதமாகப் பொருந்தும் கண்ணாடி, தன் அடியில் சிக்கிய காற்றின் மேல் மிதந்து மெல்ல இறங்கும். நான் பொறுமையில்லாமல் விரலால் அழுத்தினேன். அது சாய்ந்து நின்றுவிட்டது. மேலே வளையத்தையும் இறுக்கிவிட்டேன். இரவு மொட்டைமாடியிலிருந்து கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் விளக்குகளைக் கேமரா வழியே பார்த்தால், படத்தின் நடுவிலிருக்கும் விளக்குக்குக்கூட ஒரு பக்கம் வால் முளைத்திருந்தது. ஓரத்தில் வால் தெரிவது லென்ஸின் இயல்பு. நடுவில் தெரிந்தால் ஏதோ சாய்ந்திருக்கிறது என்று பொருள். வளையத்தைத் தளர்த்திவிட்டுக் குழலைப் பென்சிலால் மெல்லத் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி தட்டையாக அமர்ந்துவிட்டது. மறுநாள் இரவு வால் இல்லை.

அடுத்தது முடிவிலி, அதாவது வெகுதொலைவுக்கான ஃபோகஸ். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் அமரும் முகத்திலிருந்து ஃபிலிம் இருக்கும் தளம் வரை 45.46 மில்லிமீட்டர். லென்ஸைப் பிரித்துச் சேர்த்த பிறகு, முடிவிலிக் குறியில் ஃபோகஸ் வளையம் நிற்கும்போது தொலைவிலிருப்பது ஃபிலிமின் மேல் துல்லியமாக விழவேண்டும். ஃபிலிமுக்குப் பதிலாக அங்கே ஒரு தேய்த்த கண்ணாடியை வைத்துப் பார்ப்பது வழக்கம். கல்மண்டபத்தில் ஒரு கடையில் கண்ணாடியை 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி வாங்கி, மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கும் பசையைத் தடவித் தேய்த்தேன். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க, கேமராவின் பின்புறத்தில் வைத்தேன். ஷட்டரைத் திறந்து நிறுத்திப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் துறைமுகத்து கிரேன் தெளிவாக விழுந்தது. ஃபோகஸ் வளையத்தின் மூன்று குட்டித் திருகுகளை அந்த நிலையிலேயே இறுக்கினேன்.

ஒரு உறுத்தல் இருந்தது. அதே கிரேன் வியூஃபைண்டரில் மங்கலாகத் தெரிந்தது. வளையத்தைச் சற்று முன்னால் திருப்பினால்தான் தெளிந்தது. பழைய கேமரா, வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிவிடும் முகக்கண்ணாடி நகர்ந்திருக்கும் என்று முடிவுகட்டினேன். நானே தேய்த்த கண்ணாடி ஆயிற்றே, அது பொய் சொல்லுமா!

முதல் ரோலை எடுத்தேன். செனிட்டின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/500 நொடிதான். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எஃப் 2-இல் சோதிக்க வேண்டுமென்றால் விடியற்காலையில்தான் முடியும். காசிமேட்டுப் படகுகள், 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், எல்லாம் முடிவிலிக் குறியில். வந்த நெகட்டிவில் பெரும்பாலானவை வெண்ணெய்போலக் குழைந்த மங்கல். வெயில் ஏறிய பிறகு துளையைச் சிறுக்கி எஃப் 11-இல் எடுத்த நான்கைந்து படங்கள் மட்டும் கூர்மை. இதுதான் என்னை ஒரு வாரம் குழப்பியது. துளை சிறுத்தால் ஃபோகஸ் பிழை மறைந்துகொள்ளும் என்பது ஏட்டில் தெரியும். ஆனால் அப்போது கைநடுக்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விடை நகத்தில் கிடைத்தது. பின்மூடியைத் திறந்து ஃபிலிம் போகும் இடத்தில் நகத்தைக் குறுக்கே இழுத்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை இடறியது. அங்கே இரண்டு ஜோடித் தண்டவாளங்கள்! உள் ஜோடியின் மேல் ஃபிலிம் படுக்கிறது. வெளி ஜோடி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் உயரம் கூடியது. அதன் மேல் ஃபிலிமைத் தட்டையாக வைக்கும் அழுத்தத்தகடு நிற்கும், இடையே ஃபிலிம் சிக்காமல் ஓடும். என் 40 மில்லிமீட்டர் கண்ணாடி வெளி ஜோடியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. ஃபிலிம் இல்லாத ஒரு தளத்துக்கு லென்ஸை அழகாகச் சரிசெய்திருக்கிறேன். குவிய நீளமான 58-ஐ 58-ஆல் பெருக்கி 0.2-ஆல் வகுத்தால் சுமார் 17 மீட்டர். தொலைவைத் தெளிவாகப் பார்க்க வளையத்தை முடிவிலிக் குறியிலிருந்து 17 மீட்டருக்கான இடம் வரை கொண்டுவர வேண்டும். வியூஃபைண்டர் அன்றைக்கே சொன்னது இதைத்தான்.

34 மில்லிமீட்டரில் வேறு கண்ணாடி வெட்டினேன். அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கிரேனும் இல்லை, கடலும் இல்லை. வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு வழி உண்டு. நண்பரின் டிஜிட்டல் கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸை மழை விட்ட ஓர் இரவில் நிலாவுக்கு ஃபோகஸ் செய்து வளையத்தை டேப்பால் ஒட்டினேன். தேய்த்த கண்ணாடியில் பென்சில் கோடு போட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து, இரண்டு லென்ஸ்களையும் முகத்தோடு முகம் நிறுத்தினேன். கோடு சரியாகக் குவியத் தளத்தில் இருந்தால், அதிலிருந்து வரும் ஒளி ஹீலியோஸைத் தாண்டி இணைகதிர்களாக வெளியேறும். முடிவிலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற கேமராவுக்கு அது கூர்மையாகத் தெரியும். மாடியும் வேண்டாம், வானிலையும் வேண்டாம். ஆனால் மூன்றாவது திருகை இறுக்கும்போதெல்லாம் வளையம் மயிரிழை நகர்ந்தது. ஒவ்வொன்றையும் கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கி, ஐந்தாம் முறையில் நின்றது. இந்த முறை வியூஃபைண்டரும் ஒத்துக்கொண்டது.

இரண்டாம் ரோலில் எஃப் 2-இலேயே தொலைவிலிருந்த படகின் எண்ணைப் படிக்க முடிந்தது. பிரிண்ட் போட்டு மாமாவிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேமராவோடு கொடுத்த தோல் உறை எங்கே என்று கேட்டார். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் தோல்தான் பூஞ்சைக்கு வீடு, அதைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் இன்னும் சமாதானமாகவில்லை.