பிபிஏஆர் காமா: அட்டவணையை ஓரம் வைத்துவிட்டுப் படியுங்கள்

உயிர்வேதியியலிலோ மருந்தியலிலோ பிபிஏஆர் (PPAR, மரபணுக்களை முடுக்கும் ஏற்பிப் புரதங்களின் குடும்பம்) வந்தால் பெரும்பாலோர் ஆல்ஃபா, டெல்டா, காமா என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். பிபிஏஆர் காமாவைத் தூண்டும் நீரிழிவு மருந்தான பயோகிளிட்டசோன் கொழுப்புத் திசுவை வளர்க்கிறது, எடையையும் ஏற்றுகிறது. பிறகு எப்படி இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது? இதற்கு விடை சொல்லத் தெரிந்தால் பாடத்தில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம். 3ஆம் குரோமோசோமில் உள்ள பிபிஏஆர் காமா மரபணு தரும் புரதம் ஓர் உட்கரு ஏற்பி, அதாவது செல்லின் உட்கருவில் வேலை செய்யும் ஏற்பி. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னோர் ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் அமர்கிறது. கொழுப்பு அமிலமோ மருந்தோ வந்து பிணைந்ததும் பல மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன: முன்னோடிச் செல்கள் கொழுப்புச் செல்களாக முதிர்கின்றன, இரத்தத்திலிருந்து கொழுப்பு அமிலங்களை உள்ளிழுத்துச் சேமிக்கின்றன, இன்சுலினுக்குத் துணைபோகும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது. கல்லீரலிலும் தசையிலும் தேங்கியிருந்த கொழுப்பு குறைய, அங்கே இன்சுலினின் சமிக்ஞை தடையின்றிப் போகிறது. மரபணு வழியாக நடப்பதால்தான் மருந்தின் முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகின்றன.

இதைத் தலைகீழாகவும் சோதித்துப் பாருங்கள். இந்த மரபணுவில் கடுமையான பிறழ்வு உள்ள சிலருக்குக் கை கால்களில் கொழுப்பே குறைந்துபோகிறது. மெலிந்த கை கால்கள், ஆனாலும் கடும் இன்சுலின் எதிர்ப்பு, நீரிழிவு, உயர் டிரைகிளிசரைடு, உயர் இரத்த அழுத்தம். 1999 முதல் வெளியான இந்த நோயாளிகளின் விவரம்தான் எனக்கு இந்தப் பாடத்தின் மிக அழகான பகுதி. வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லி விளக்கினால் மனப்பாடம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

பக்கவிளைவுகளையும் ஏற்பி இருக்கும் இடத்தை வைத்தே பிடியுங்கள். சிறுநீரகத்தில் சோடியம் தேங்குவதால் வீக்கம். அதனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எலும்பு மஜ்ஜையில் எலும்பாக வேண்டிய செல்கள் கொழுப்புப் பக்கம் திரும்புவதால் எலும்பு முறிவு. இதே வகை மருந்தான டிரோகிளிட்டசோன் கல்லீரல் பாதிப்பால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதை மட்டும் தனியாக நினைவில் வைத்தால் போதும்.

எண்களில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள். காமா 1இல் 477 அமினோ அமிலங்கள். முக்கியமாகக் கொழுப்புத் திசுவில் இருக்கும் காமா 2இல் முன்முனையில் 28 கூடுதலாகி 505. ஆகவே நீரிழிவு அபாயத்தைச் சற்றுக் குறைக்கும் 12ஆம் இட மாற்றம் (புரோலினுக்குப் பதில் அலனின்) காமா 2இல் மட்டுமே இருக்க முடியும். அதே காரணத்தால், மேலே சொன்ன பிறழ்வுகளில் ஒன்றை ஒரு நூலில் 467ஆம் இடம் என்றும் இன்னொன்றில் 495 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.