கடைக் கவுண்டரில் மட்டும் வரும் பிழைகள்

பில்லிங் மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "இங்க ஓடுதே!" சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் அது ஓடத்தான் செய்கிறது. அங்கே 16 ஜிபி ரேம், அட்மின் உரிமை, சோதனைக்காகப் போட்ட 20 பொருள்கள், பின்னால் காவலுக்கு டிபக்கர் (நிரலை ஓடும்போதே நிறுத்திப் பார்க்கும் கருவி). கடைக் கவுண்டரிலோ 4 ஜிபி ரேம், சாதாரண யூசர், மூன்று வருடம் சேர்ந்த பில்கள், எதிரே பையோடு வரிசையில் நிற்கும் ஆட்கள். டெஸ்க்டாப் நிரலில் பிடிபடாமல் இழுத்தடிக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு மேசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கின்றன. சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ், எஸ்க்யூஎல் சர்வர் சேர்ந்த வேலையை வைத்து இதைச் சொல்கிறேன். விபி டாட் நெட்டில் எழுதுபவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கடையிலிருந்து வரும் போன் பெரும்பாலும் "சார், சாஃப்ட்வேர் ஹேங் ஆகுது" என்றுதான் தொடங்கும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நோய்கள் இருக்கலாம். திரை வெளுத்து மேல் பட்டையில் "நாட் ரெஸ்பான்டிங்" என்று வரலாம். ஒரு மெசேஜ் பாக்ஸ் ஃபார்முக்குப் பின்னால் மறைந்து நின்று எதையும் தொட விடாமல் செய்யலாம். அல்லது மென்பொருள் தானாகவே மூடிக்கொள்ளலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நிரலைத் திறப்பது வீண். "மேல என்ன எழுதியிருக்குண்ணே? ஆல்ட் டேப் அழுத்தினா வேற ஏதாவது பாக்ஸ் தெரியுதா?" என்ற இரண்டு கேள்வி பாதி நாளை மிச்சப்படுத்தும்.

தானாக மூடிக்கொள்கிறது என்றால் அடுத்த இடம், விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். அங்கே "டாட் நெட் ரன்டைம்" பெயரில் 1026 என்ற எண்ணும், "அப்ளிகேஷன் எரர்" பெயரில் 1000 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 1026-இல் எக்ஸெப்ஷனின் (நிரல் ஓடும்போது வீசும் பிழையின்) பெயரும், எந்த மெத்தடை எது கூப்பிட்டது என்ற சங்கிலியான ஸ்டாக் டிரேஸும் இருக்கும். 1000-இல் "ஃபால்ட்டிங் மாட்யூல்" என்ற வரி முக்கியம். அதில் கெர்னல்பேஸ் என்று இருந்தால் பெரும்பாலும் நம் நிரல் வீசிய எக்ஸெப்ஷன்தான். பிரிண்டர் டிரைவரோ எடைத் தராசுக்கான டிஎல்எல்லோ பெயர் காட்டினால் தேட வேண்டிய இடமே வேறு.

இதெல்லாம் பிழையை நாமே விழுங்காமல் இருந்தால்தான் கிடைக்கும். பிழையைப் பிடித்துவிட்டு எதுவும் செய்யாமல் விடும் காலி கேட்ச் பிளாக்கைப் போல ஒரு நிரலுக்குக் கேடு செய்வது வேறொன்றும் இல்லை. அது பிழையைத் தீர்ப்பதில்லை. பிழை நடந்த இடத்திலிருந்து நூறு வரி தள்ளி, "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்" என்று வேறு வேஷத்தில் வர வைக்கிறது. கேட்ச் செய்து லாக் எழுதிவிட்டு மறுபடி வீசும்போதும் ஒரு கண்ணி உண்டு. வெறும் "த்ரோ" என்று எழுதினால் பழைய ஸ்டாக் டிரேஸ் அப்படியே போகும். "த்ரோ" பக்கத்தில் எக்ஸெப்ஷன் வேரியபிளையும் எழுதினால் டிரேஸ் அந்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும், மூல இடம் காணாமல் போகும். நிரலின் வரி விவரங்கள் உள்ள பிடிபி கோப்புகளையும் சேர்த்து அனுப்பினால் வரி எண்ணும் கிடைக்கும். லாக்கின் ஒவ்வொரு பதிவிலும் மென்பொருளின் பதிப்பு எண் இருக்கட்டும். போன வாரமே சரிசெய்த பிழையைப் பழைய பதிப்பில் துரத்துவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கும் விரயம்.

திரை வெளுப்பது தனி விஷயம். ஒரு ஜன்னல் 5 விநாடி வரை செய்திகளை எடுத்துப் பார்க்காமல் இருந்தால் விண்டோஸ் அதைச் செத்ததாகக் கருதிவிடும். மௌஸ், கீபோர்டு, "திரையைத் திரும்ப வரை" என்ற கட்டளை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்க, திரையைக் கவனிக்கும் ஒரே யுஐ த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. பட்டன் கிளிக்குக்குள் 8 விநாடி ஓடும் குவெரியை (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியை) வைத்தால் அந்த 8 விநாடியும் வரிசை நகராது. 20 பொருளில் அதே குவெரி கண் இமைக்கும் முன் முடிந்துவிடும் என்பதால் நம் மேசையில் இது தெரியவே தெரியாது.

இதற்குப் பலரும் கைவைப்பது "டூ ஈவென்ட்ஸ்", காத்திருக்கும் செய்திகளை அப்போதே எடுக்கச் சொல்லும் கட்டளை. லூப்புக்குள் அதைப் போட்டதும் திரை உயிர் பெறுகிறது, பிரச்சினை தீர்ந்தது போலவும் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், வரிசையில் நின்ற செய்திகள் எல்லாம் நம் வேலை பாதியில் இருக்கும்போதே உள்ளே வருகின்றன. கவுண்டரில் இருப்பவர் பொறுமை இழந்து "சேவ்" பட்டனை இரண்டாவது தடவை தட்டியிருப்பார். முதல் சேவ் முடியும் முன்பே அதற்குள் இரண்டாவது சேவ் ஓடும். ஒரே சரக்குக்கு இரண்டு பில், ஸ்டாக்கில் இரட்டைக் கழிவு. கணக்குப் பிள்ளை மாதக் கடைசியில் கண்டுபிடிக்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. சரியான வழி, குவெரியை யுஐ த்ரெட்டைத் தடுக்காத அசிங்க் ஆக்கி "அவெய்ட்" போடுவது, கிளிக்கின் முதல் வரியிலேயே பட்டனை அணைப்பது, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் திரும்ப உயிர்ப்பிப்பது. டேட்டாபேஸில் பில் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு தடவை வர விடாதது) மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டாவது சேவ் புதிய எண்ணை எடுத்துக்கொள்ளும். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டுக்கு யூனிக் போடுங்கள்.

"அவெய்ட்" போட வேண்டிய இடத்தில் யுஐ த்ரெட்டில் "ரிசல்ட்" அல்லது "வெய்ட்" எழுதினால் நிலைமை இன்னும் மோசம். வேலை முடிந்ததும் யுஐ த்ரெட்டுக்குத் திரும்ப வர வேண்டும், யுஐ த்ரெட்டோ வேலை முடியக் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பூஜ்யத்தில் இருந்து திரை உறைந்திருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

த்ரெட் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. வேறு த்ரெட்டிலிருந்து டெக்ஸ்ட் பாக்ஸைத் தொட்டால் "கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்" என்று பிழை வரும் என்பது தெரிந்ததே. ஆனால் அந்தச் சோதனை இயல்பாக டிபக்கர் ஒட்டியிருக்கும்போது மட்டுமே முழுதாக நடக்கிறது. "செக் ஃபார் இல்லீகல் கிராஸ் த்ரெட் கால்ஸ்" என்ற பண்பின் தொடக்க மதிப்பே டிபக்கர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. விஷுவல் ஸ்டூடியோவுக்குள் சோதிக்காமல் விட்ட ஒரு ஓரத்து வழி, கடையில் பிழை காட்டாமலே ஓடும். எப்போதாவது கிரிட் பாதி வரைந்து நிற்கும், எப்போதாவது உறையும். அந்தப் பண்பை நிரல் தொடங்கும் இடத்தில் ட்ரூ என்று வைத்து, ஒரு மாதம் சோதனைப் பதிப்பை ஓடவிட்டால் லாக்கில் வரிசையாக வந்து விழும். அதை ஃபால்ஸ் ஆக்கிப் பிழையை அடக்குபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

"காலையில நல்லா ஓடுது, சாயங்காலம் ஆனா கெட்டுப்போகுது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது" என்றால் அது பெரும்பாலும் கசிவு, அதாவது எடுத்த வளங்களை நிரல் திருப்பித் தராதது. ஒரு புராசஸுக்கு விண்டோஸ் இயல்பாகத் தரும் ஜிடிஐ ஆப்ஜெக்ட்களின் (ஃபான்ட், தூரிகை போலத் திரையில் வரையப் பயன்படுபவற்றின்) உச்ச எண்ணிக்கை 10,000. டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் "ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்", "யூசர் ஆப்ஜெக்ட்ஸ்" என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பில்லைத் திறந்து மூடி எண்ணைக் குறியுங்கள். மறுபடி திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் 40 கூடி இறங்காமல் நின்றால், 250 பில்லில் கதை முடிந்தது. வெள்ளைப் பின்னணியில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியோடு கிரிட் நிற்பது அப்போதுதான். காரணம் பெரும்பாலும் இரண்டே. ஷோ டயலாக் மூலம் திறந்த ஃபார்ம், மூடினாலும் தானாக டிஸ்போஸ் ஆகாது, பிடித்த வளங்களை விடாது. அதை யூசிங் பிளாக்குக்குள் வைக்க வேண்டும். கிரிட்டின் செல் பெயின்டிங் ஈவென்டுக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் புது ஃபான்ட் உருவாக்குவது இன்னொன்று.

இனி பணம். இங்கே ஒரு பைசாவும் பெரிய விஷயம். விலையைத் தோராயமாகச் சேமிக்கும் டபுளில் வைக்கக் கூடாது, டெசிமலில் வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. அதற்குப் பிறகும் பில் ஒரு தொகையும் ரிப்போர்ட் ஒரு தொகையும் காட்டும். 250.50 ரூபாய் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி மத்திய வரி, பாதி மாநில வரி, ஒவ்வொன்றும் 9 சதவீதம், அதாவது 22.545. சி ஷார்ப்பின் மேத் ரவுண்ட் இயல்பாக, சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கம் வரும் பக்கம் தள்ளும், அதனால் 22.54. எஸ்க்யூஎல் சர்வரின் ரவுண்ட் மேலே தள்ளும், 22.55. பில்லில் இரண்டு வரியும் சேர்ந்து 45.08, ரிப்போர்ட்டில் 45.10. நேராக 18 சதவீதம் போட்டாலோ 45.09. மூன்று தொகையும் அவரவர் கணக்கில் சரி.

மேத் ரவுண்டுக்கு "அவே ஃப்ரம் ஜீரோ" என்ற மூன்றாவது மதிப்பைக் கொடுத்தால் பில்லும் எஸ்க்யூஎல்லும் ஒத்துப்போகும். ஆனால் நிலையான தீர்வு அதுவல்ல. வரியை ஒரே இடத்தில், ஒரே தடவை கணக்கிட்டு, ரவுண்ட் செய்த தொகையையே ஒவ்வொரு வரிசையிலும் சேமித்துவிட வேண்டும். ரிப்போர்ட் கூட்ட மட்டுமே செய்யட்டும், பெருக்கவே கூடாது. இந்த ஒழுங்கு இல்லாத மென்பொருளில் பைசா வித்தியாசம் ஓயவே ஓயாது.

தமிழில் பொருள் பெயர் வைக்கும் கடைகளுக்கு வேறு வகைத் தொல்லைகள். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட் பேஜ் (யுனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல்) கிடையாது, யுனிகோடு மட்டும்தான். ஆன்சியில் சேமிக்கும் வார்கேர் பத்தியில் "கோதுமை" என்று சேமித்தால் கேள்விக்குறிகள்தான் உள்ளே போகும். காட்டுவதில் கோளாறு இல்லை, சேமிக்கப்பட்டதே கேள்விக்குறி. பிறகு பத்தியை யுனிகோடு ஏற்கும் என்வார்கேர் ஆக்கினாலும் பழைய பெயர்கள் திரும்ப வரா, கையால் அடிக்க வேண்டியதுதான். பத்தி சரியாக இருந்தும், குவெரிக்குள் மேற்கோளுக்கு முன் "என்" என்ற எழுத்து விடுபட்டால் இதே கதி. பாராமீட்டர் வழியாக அனுப்பினால் அந்தக் கவலையும் இல்லை, பெயருக்குள் வரும் ஒற்றை மேற்கோளால் குவெரி உடைவதும் இல்லை.

அடுத்தது, கண்ணெதிரே இருக்கும் "கோதுமை" தேடலில் கிடைக்காமல் போவது. "கோ" என்பதில் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பட்டியல்களில் இரண்டாவது வகை நிறையக் கலந்திருக்கும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் "நார்மலைஸ்" மெத்தடைக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகும். "ஔ" என்ற எழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என்று இரண்டாக அடித்திருந்தால் மட்டும் அதனாலும் ஆகாது, அதற்குத் தனியாக மாற்றும் வரி எழுத வேண்டும்.

அச்சில் வரும்போது கணக்கு இன்னும் தவறும். "துவரம் பருப்பு" என்பதில் கண்ணுக்குத் தெரிவது 8 எழுத்தும் ஒரு இடைவெளியும், ஆனால் நீளத்தைச் சொல்லும் லெங்த் 14 என்கிறது. வெற்றிடம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கும் பேட் ரைட், ஆங்கிலப் பெயருக்கு அழகாக நின்றாலும் தமிழுக்குக் கோணலாகும். எழுத்துகளைக் கட்டளையாக அனுப்பும் முறையில், தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றுக்குத் தமிழே தெரியாது. பிரிண்ட் டாக்குமென்ட் வழியாகப் படமாக வரைவதே வழி. 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ. அந்த அளவை அங்குலத்தின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிட்டால் 283. அதைப் பெயர், அளவு, விலை, தொகை என நான்கு செவ்வகங்களாகப் பிரித்து, எண்களை வலப்பக்கம் ஒட்டி வரைந்தால் எந்தப் பெயர் வந்தாலும் பத்தி கலையாது.

தேதி தவறுவது மாதத்தின் முதல் 12 நாளில்தான் அதிக ஆபத்து. 05/03 என்பதை மார்ச் 5 என்று நாம் எழுத, அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டர் மே 3 என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். 13-ஆம் தேதி வந்ததும் பிழை வீசும், அன்றுதான் போன் வரும். அதற்குள் 12 நாள் பில்களில் பெரும்பாலானவை வேறு மாதங்களுக்குப் போயிருக்கும். தேதியை எழுத்தாக மாற்றாமல் தேதியாகவே பாராமீட்டரில் அனுப்புங்கள்.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் டேட்டாபேஸ் கோப்பை வைக்கும் பழைய மென்பொருள்களில் ஒரு விசித்திரம் நடக்கும். மேனிஃபெஸ்ட் (தேவையான உரிமையைச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் நிரல் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதை அந்த யூசரின் வர்ச்சுவல் ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் முதலாளி லாகினில் ஒரு கணக்கு, பையன் லாகினில் வேறு கணக்கு. கோப்பை புரோகிராம் டேட்டாவுக்கு மாற்றி, இன்ஸ்டாலரிலேயே எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். ஆக்ஸஸ் கோப்பைப் படிக்கும் நிரலில் "புரொவைடர் நாட் ரெஜிஸ்டர்ட்" என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நிரலும், அந்தக் கோப்பைப் படித்துத் தரும் புரொவைடரும் ஒரே பிட்டில் இருக்கின்றனவா என்பதை. ஒன்று 32, மற்றது 64 என்றால் எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை.

இவ்வளவையும் பிடிக்க அலுவலகத்தில் ஒரு வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போதும். 4 ஜிபி ரேம், அட்மின் இல்லாத யூசர், அமெரிக்கத் தேதி அமைப்பு, 125 சதவீதத் திரை அளவு, விஷுவல் ஸ்டூடியோ இல்லை, ஸ்கிரிப்ட் மூலம் நிரப்பிய 50,000 பொருள், 3 லட்சம் பில். திருத்தம் எழுதும் முன் பிழையை அங்கே வரவழைத்துப் பாருங்கள். திருத்தத்தைப் போட்டுப் பிழை போனதும், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள். பிழை திரும்ப வந்தால் மட்டுமே கடைக்கு அனுப்புங்கள். வராவிட்டால் அதைப் போக்கியது வேறு ஏதோ ஒன்று, தேடல் இன்னும் முடியவில்லை.