நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் தேர்வு: இரண்டு முறை எழுதியவனின் குறிப்புகள்

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். இந்தப் பணிக்கான தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தோற்றேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை வெளிவரும் சமயங்களில் கல்லூரித் தம்பி தங்கைகள் தொலைபேசியில் அழைத்து, எந்தப் புத்தகம் படிப்பது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிப்பது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு என் பதில் மிகச் சிறியது. அவர்கள் கேட்காமல் விடுகிற சிலவற்றைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேர்வின் அமைப்பு. நான் எழுதிய காலத்தில் பாடத்தாளுக்கு 300 மதிப்பெண், பொது அறிவுக்கு 200, நேர்காணலுக்கு 70 என்று இருந்தது. பின்னர் அது மாறிவிட்டது. பாடத்தாள் அதே 200 வினாக்கள், 300 மதிப்பெண்களுடன் தொடர, இரண்டாம் தாள் இரண்டு பகுதிகளாகி, கட்டாயத் தமிழ்த் தகுதிப் பகுதிக்கு 150, பொது அறிவுக்கு 150 என்று ஆனது. தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. பொறியியல் படித்தவர்கள் பலர் ‘தமிழ்தானே’ என்று இதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நேர்காணல் உண்டா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே எந்த வினாவையும் விட்டுவைக்கக் கூடாது. மத்தியப் பொறியியல் பணித் தேர்வையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இங்கேதான் ஒரு சிக்கல். மத்திய நீர் ஆணையத்தின் பணியிடங்களுக்கு வழிவிடும் அந்தத் தேர்வின் முதல்நிலையில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒன்றில் ஊகிக்கத் துணிய வேண்டும், மற்றொன்றில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே மனநிலையில் எழுதி, இரண்டிலும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் முறை நான் தோற்றதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஏழு மாதம் ஒழுங்காகப் படித்தேன். ஆனால் அந்த ஏழு மாதத்தில் பெரும்பகுதியைக் கட்டமைப்பியலுக்கும் கான்கிரீட் வடிவமைப்புக்கும் கொடுத்துவிட்டு, பாசனப் பொறியியலையும் நீரியலையும் ‘மனப்பாடப் பகுதி’ என்று பெயரிட்டுக் கடைசிப் பத்து நாளுக்கு ஒதுக்கினேன். நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்திலும் அந்தப் பாடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிட்டது. தேர்வறையில் ‘டியூட்டி – டெல்டா’ கணக்கு ஒன்று வந்தது; ஓர் அளவு நீர் எவ்வளவு நிலத்தை வளர்க்கும், அதற்கு எவ்வளவு உயரம் தண்ணீர் ஆகும் என்ற கணக்கு அது. பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் காலம் 120 நாள். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 864 எக்டேரை வளர்க்கிறது. அந்தக் காலம் முழுவதும் வயலுக்குக் கொடுக்கும் நீரின் மொத்த உயரம் என்ன என்பது கேள்வி. 8.64 என்ற எண்ணை நாட்களால் பெருக்கி எக்டேரால் வகுத்தால் 1.2 மீட்டர் என்று வந்துவிடும். எனக்கோ சூத்திரத்தில் இருப்பது 8.64 ஆ, 864 ஆ என்று குழம்பிவிட்டது. விடைப் பட்டியலில் 1.2 மீட்டரும் இருந்தது, 120 மீட்டரும் இருந்தது. நெல் வயலில் 120 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்குமா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை, சூத்திரத்தைத்தான் நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை படிப்பை எங்கள் ஊர்க் குளத்திலிருந்து தொடங்கினேன். இது கவிதைக்காகச் சொல்வதில்லை. வாரம் ஒரு மாலை கரையில் நடந்து, பார்த்தவற்றுக்கெல்லாம் பாடநூலில் என்ன பெயர் என்று ஒரு நோட்டில் எழுதினேன். குளம் நிரம்பினால் மிகை நீர் வழிந்தோடும் அமைப்புதான் கலிங்கு; அதன் உச்சி இருக்கும் மட்டம்தான் குளத்தின் முழுக்கொள்ளளவு மட்டம். வெள்ள நேரத்தில் கலிங்கின் மேல் ஓடும் நீரின் உயரத்தையும் சேர்த்தால் அது அதிகபட்ச நீர்மட்டம். அதற்கும் மேலே கரையின் தலை எவ்வளவு உயரம் இருக்கிறதோ, அது அலைக்கும் காற்றுக்கும் விட்ட இடம். கலிங்கின் மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகை சொருகி, இன்னும் ஓர் அடி தண்ணீரைத் தேக்க விவசாயிகள் ஏன் துடிக்கிறார்கள், பொறியாளர் ஏன் அதைக் கண்டு பதறுகிறார் என்பது இந்த மூன்று மட்டங்களையும் கண்ணால் பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும்.

அந்தக் கலிங்கு அவ்வளவு நீளம் ஏன் என்று தேடியபோதுதான் ரைவ்ஸ் சூத்திரம் எனக்கு உயிர்பெற்றது. இது சென்னை மாகாணத்து நீர்ப்பிடிப்புகளிலிருந்து வரக்கூடிய உச்ச வெள்ளத்தைக் கணிக்க 1884இல் உருவான சூத்திரம். நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்தக் கெழு 6.8, அதற்கு அப்பால் 8.5, மலையடிவாரத்துச் சிறு பரப்புகளுக்கு 10.2. கடலோரப் பகுதியில் 8 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு என்றால் 4ஐ 6.8ஆல் பெருக்க, நொடிக்கு 27.2 கன மீட்டர், அதாவது சுமார் 960 கன அடி வெள்ளம். இந்த ஒரு கணக்கை உங்கள் ஊர்க் குளத்துக்குப் போட்டுப் பார்த்தவர்கள் டிக்கன்ஸ் என்ற இன்னொரு வெள்ளச் சூத்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அலகு மாற்றங்களை விரல்நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. இந்த எண் தெரிந்தவருக்கு நாளிதழின் அணை நிலவரப் பெட்டி தினமும் ஒரு பயிற்சித் தாள். நீர்வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, நாளைக்கு இருப்பு எவ்வளவு இருக்கும் என்று முந்தைய நாளே எழுதி வைத்து, மறுநாள் சரிபார்ப்பேன். பெரும்பாலும் கொஞ்சம் தவறும். ஆவியாதலும் கசிவும் ஏன் பாடத்திட்டத்தில் இருக்கின்றன என்பது அந்தத் தவறிலிருந்துதான் தெரிந்தது.

நேர்காணலில் என்னிடம் மேட்டூர் அணையின் நீர்மட்டம் கேட்டார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., கட்டி முடித்தது 1934 என்று ஒப்பித்தேன். ‘120 அடி என்பது எங்கிருந்து?’ என்று அடுத்த கேள்வி வந்தது. கடல் மட்டத்திலிருந்து அல்ல என்பது மட்டும் தெரிந்தது, மேலே சொல்லத் தெரியவில்லை. முழு நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 790 அடி மேலே இருக்கிறது. 670 அடி மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அளப்பதால்தான் 120. தெரியவில்லை என்று சொன்னேன். அந்த நேர்மைக்கு மதிப்பெண் கொடுத்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்; எப்படியோ தேர்வானேன்.

பொது அறிவுக்குப் பள்ளிப் பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் போதும். அதைப் பற்றி இணையத்தில் வேண்டிய அளவு எழுதியிருக்கிறார்கள்.

பணியில் சேர்ந்த மூன்றாம் வாரம் கார் பருவ நெல் சாகுபடிக்கு ஒரு மதகைத் திறக்கும் வேலை வந்தது. நான்கு அடி அகல ஷட்டர், ஓர் அடி தூக்க வேண்டும், திறப்பின் மையத்திலிருந்து தண்ணீர் நான்கு அடி உயரம். பாய்வுக் கெழு 0.6 வைத்துக் கைப்பேசியில் கணக்கிட்டு, நொடிக்கு 38 கன அடி போகும் என்று பதிவேட்டில் எழுதப் போனேன். ஷட்டரின் திருகுதண்டில் மரைகளை எண்ணிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்த லஸ்கர் (மதகுகளைத் திறந்து மூடும் பணியாளர்) அண்ணாச்சி நிமிர்ந்து, ‘முப்பதைத் தாண்டாது சார்’ என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மதகுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், வாய்க்காலில் ஏற்கெனவே ஏறி நின்ற தண்ணீரைக் காட்டினார். திறப்பு முழுவதும் மூழ்கியிருந்தது. அப்படியானால் எடுக்க வேண்டியது இரு பக்க நீர்மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம். அடிக்கோலால் அளந்தால் இரண்டரை அடி. மறுபடி போட்டேன், முப்பதரை கன அடி வந்தது. மூழ்கிய துளைவாய் என்ற தலைப்பில் நான் எத்தனையோ வினாக்களுக்குச் சரியாக விடை எழுதியவன். அன்று வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கக் கூடாது, நேரம் விட்டு இரண்டிரண்டு மரையாகத் தூக்கினால்தான் கீழே வாய்க்கால் கரை அரிக்காது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஏறத்தாழ 86,000 ஏக்கர் இவற்றை நம்பி இருக்கிறது. ஜூனில் கார், அக்டோபரில் பிசானம் என்று இரண்டு நெல் பருவங்களாக ஆண்டு நகர்கிறது. தண்ணீர் குறைந்தால் கடைமடைக்காரர்கள் அலுவலக வாசலில் நிற்பார்கள். மிகுந்தால் நாங்கள் கரையில் நிற்போம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த இரண்டு நாட்களில், மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைவிடப் பயனுள்ள ஆவணம் எங்களிடம் வேறு இருக்கவில்லை.

மற்ற நாட்களில் வேலையின் பெரும்பகுதி எழுத்துதான். மதிப்பீடு தயாரிப்பது, அளவுப் புத்தகத்தில் ஒவ்வோர் அளவையும் களத்திலேயே தன் கையால் பதிவது, தவறினால் அழிக்காமல் அடித்துச் சுருக்கொப்பம் இடுவது என்று ஒரு தனி ஒழுக்கம் இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 எக்டேருக்கு மேல் உள்ள குளங்கள் நம் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு என்பதைச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். மனுக்களில் பாதி தவறான முகவரிக்கே வரும். ஆக்கிரமிப்பு என்றால் குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருவாய்த் துறையினரோடு அளக்கப் போக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே, மே, டிசம்பர் மாதங்களில் நடக்கும் துறைத் தேர்வுகளில் பொதுப்பணிக் கணக்குத் தேர்வு ஒன்று காத்திருக்கிறது. பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் இதில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த முதல் ஆண்டிலேயே எழுதி முடித்துவிடுங்கள்.

கடைசியாக, தேர்வானவர்கள் தங்கள் துறையைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு. உங்கள் முறை வரும்போது யோசிக்க அவகாசம் கிடைக்காது. நெடுஞ்சாலையா, கட்டடமா, நீர்வளமா என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். 2021இல் நீர்வளம் பொதுப்பணியிலிருந்து பிரிந்து தனித் துறையாகிவிட்டதால், பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு இப்போது எளிதில் பலிக்காது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் தலைமையிடத்தை விட்டு நகர முடியாது என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வருவேனா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பாபநாசம் அணையில் எத்தனை அடி என்றுதான் கேட்கிறார்கள்.