டினியன் கரையில் நேபாம்

இரண்டாம் உலகப் போரின் கடல்வழித் தரையிறக்கம் என்றாலே பலருக்கும் பிரான்சின் நார்மண்டிக் கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் வானிலிருந்து வீசப்படும் நெருப்பு அத்தகைய தாக்குதலுக்கு எப்படித் துணைபோனது என்று அறிய விரும்புவோர், 1944 ஜூலையில் மேற்குப் பசிபிக்கின் மரியானா தீவுகளில் ஒன்றான டினியனில் நடந்ததைப் படிக்க வேண்டும். அங்கே ஜப்பானியர் நிலத்தின் பெரும்பகுதியைக் கரும்புத் தோட்டமாக்கியிருந்தனர். ஆளுயரத்துக்கு வளர்ந்த கரும்பு, காவல் வீரர்களுக்கு இயற்கையான மறைவிடம்.

சற்று முன்பு அமெரிக்கர் கைப்பற்றிய, பக்கத்துச் சைபன் தீவிலிருந்து பறந்த அவர்களது பி-47 தண்டர்போல்ட் போர் விமானங்கள், இறக்கையின் கீழ் தொங்கிய, கழற்றிவிடக்கூடிய எரிபொருள் தொட்டிகளில் நேபாம் குழைமத்தை நிரப்பித் தாழப் பறந்து வீசின. நேபாம் என்பது பெட்ரோலைக் கூழாக்கும் ஒரு தூள். 1942இல் ஹார்வர்டில் லூயிஸ் ஃபைசர் குழுவினர் உருவாக்கியது. சாதாரணப் பெட்ரோல் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். கூழோ ஒட்டிக்கொண்டு நின்று எரியும். 

ஜூலை 24 அன்று அமெரிக்கக் கடற்சார் காலாட்படையின் நான்காம் மரைன் டிவிஷன் இறங்கிய வடமேற்குக் கரைகள் இரண்டும் மிகக் குறுகியவை. ஒன்றின் அகலம் சுமார் 55 மீட்டர்தான். ஜப்பானியரோ டினியன் நகரக் கடற்கரையில் காத்திருந்தனர். அங்கே அமெரிக்கர் நடத்தியது வெறும் போலித் தாக்குதல். வெற்றியின் பெரும்பங்கு இந்த ஏமாற்றுக்கே உரியது என்பது என் கணிப்பு. நேபாமின் பங்கு, மறைவிடத்தை எரித்து நிலத்தை வெட்டவெளியாக்கியதே. அந்தத் தீவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தன என்பதைப் போர்க்கலை நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.