கிளாஸ்கோ மாநாட்டுக்கு முன் நண்பர்களின் பூசல்

2021 அக்டோபர் 31 அன்று பிரிட்டனின் கிளாஸ்கோவில் தொடங்கிய காலநிலை மாநாட்டைப் பற்றிப் பேசுவோர், சீன, ரஷ்ய அதிபர்கள் நேரில் வராததையே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். நெருங்கிய கூட்டாளிகளுக்குள் மூண்ட மனக்கசப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செப்டம்பர் நடுவில் அமெரிக்கா, பிரிட்டனுடன் ஆக்கஸ் என்ற பாதுகாப்பு உடன்பாட்டை அறிவித்த ஆஸ்திரேலியா, 12 நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக பிரான்ஸுடன் செய்திருந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டதால், கொதித்துப்போன பாரிஸ் வாஷிங்டனிலும் கான்பெராவிலும் இருந்த தன் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. லண்டன் தூதரை மட்டும் அழைக்காமல் விட்டது, பிரிட்டனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று சொல்லாமல் சொன்ன குத்தல்.

அந்தப் புண் ஆறுவதற்குள் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான மீன்பிடி உரிமச் சண்டையும் முற்றியது. 2015 பாரிஸ் காலநிலை உடன்படிக்கைக்கு வழிவகுத்த மாநாட்டை நடத்திய நாடும், கிளாஸ்கோ மாநாட்டை நடத்தவிருந்த நாடும் தோளோடு தோள் நின்றிருக்க வேண்டிய வாரத்தில், சிப்பி பிடிக்கும் பிரிட்டன் படகொன்று பிரான்ஸின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தது. ரோம் ஜி20 கூட்டத்தின்போது, நீர்மூழ்கி ஒப்பந்த விஷயத்தில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் மோரிசன் பொய் சொன்னதாக நினைக்கிறீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு, "நினைக்கவில்லை, எனக்குத் தெரியும்" என்றார் பிரான்ஸ் அதிபர் மக்ரோன். மீன்பிடிச் சண்டைக்காக பிரிட்டன் மீது பிரான்ஸ் அறிவித்திருந்த தடைகளை நவம்பர் 1 அன்று, அவை நடைமுறைக்கு வரச் சில மணி நேரமே இருந்தபோது, அவரே தள்ளிவைத்தார்.